‘பேடக்’கும் ‘பட்டி’யும் ஒரே வேர்ச்சொல்லா?

கேட்டவர் ஆஸ்திரேலியாவில் ஒரு கால்நடைப் பண்ணையில் வேலை பார்க்கிறார். அங்கே வேலி போட்ட நிலத்துக்கெல்லாம் ‘பேடக்’ என்றுதான் பெயர். ஃபார்முலா ஒன் கார் பந்தய ஒளிபரப்பிலும் அதே சொல் காதில் விழுகிறது. ஊரில் ஆடுமாடு அடைக்கும் இடம் ‘பட்டி’. ஒலி ஏறக்குறைய ஒன்று, பொருளும் ஏறக்குறைய ஒன்று. அப்படியானால் ஆங்கிலச் சொல் தமிழிலிருந்து போனதா, நெல்லைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘பேடி’யும் இந்தக் குடும்பம்தானா, தமிழில் எழுதும்போது ‘வயல்’ என்று போட்டுவிடலாமா என்பது அவர் கேள்வி. ஒலியும் பொருளும் ஒத்திருந்தால் உறவு என்று சொல்லிவிட அது போதுமா என்பதுதான் இதன் உள்ளே இருக்கும் உண்மையான கேள்வி. போதாது. இந்தச் சொல் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

எந்தச் சொல்லின் உறவைத் தேடினாலும் இன்றைய வடிவத்தை எடுத்துக்கொண்டு ஒப்பிடக் கூடாது. கிடைக்கிற மிகப் பழைய வடிவத்துக்குப் போக வேண்டும். பழைய ஆங்கிலத்தில், அதாவது 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடிப்பதற்கு முந்தைய மொழியில், இந்தச் சொல்லின் வடிவம் ஏறக்குறைய ‘பேரொக்’. ரகரத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். டகரம் அதில் கிடையாது. பொருள் வேலி, அடுத்து, வேலிக்குள் அடைபட்ட நிலம். பின்னால் அது ‘பேரக்’ என்று ஆகி, கென்ட் பகுதியிலும் வட இங்கிலாந்திலும் வட்டார வழக்காக நெடுங்காலம் வாழ்ந்தது. கென்டில் உள்ள கிரேவ்ஸெண்ட் நகரில் இன்றும் ‘பேரக் தெரு’ இருக்கிறது. அதே மாவட்டத்தின் ‘பேடக் வுட்’ என்ற ஊர் 13ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் ரகரத்தோடுதான் எழுதப்பட்டிருக்கிறது. டகர வடிவம் எழுத்தில் தலைகாட்டுவது 16ஆம் நூற்றாண்டில்தான்.

ஜெர்மன் மொழியில் இதன் உடன்பிறப்பு ‘ப்ஃபெர்ஷ்’. ஆட்டு மந்தையை இரவில் அடைத்து வைக்கும் தட்டி வேலி அது. வேலித் தட்டிகளை வயலுக்கு வயல் நகர்த்தி, ஆட்டுப் புழுக்கையும் சிறுநீரும் நிலத்துக்கு உரமாகும்படி செய்வதற்கும் அதே சொல்தான். நம் ஊரில் ‘கிடை போடுவது’ என்கிறோமே, முழுக்க முழுக்க அதேதான். இந்த ஜெர்மன் வடிவத்தின் முதலெழுத்து காலக்கணக்குக்கு உதவுகிறது. தென் ஜெர்மானியப் பேச்சில் ஏறத்தாழ 6ஆம் நூற்றாண்டிலிருந்து 8ஆம் நூற்றாண்டுக்குள் சொல்லின் முதலில் வரும் பகரம் ‘ப்ஃ’ எனத் திரிந்தது. எடையைக் குறிக்கும் ஆங்கிலப் ‘பவுண்ட்’ ஜெர்மனில் ‘ப்ஃபுண்ட்’. மிளகைக் குறிக்கும் ‘பெப்பர்’ அங்கே ‘ப்ஃபெஃபர்’. நம் சொல்லும் இந்தத் திரிபுக்கு உட்பட்டிருப்பதால், அது நடப்பதற்கு முன்பே, ஆங்கிலமும் ஜெர்மனும் சேர்ந்த குடும்பமான ஜெர்மானிய மொழிகளுக்குள் இருந்திருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

இதுவரை சொன்னவை உறுதியானவை. இதற்கு மேல் போனால் ஐயம் தொடங்குகிறது. இடைக்கால லத்தீனில் ‘பாரிகுஸ்’ என்று ஒரு சொல் உண்டு. பொருள் அதே அடைப்பு. ஜெர்மானியம் லத்தீனிடமிருந்து வாங்கியதா, லத்தீன் ஜெர்மானியத்திடமிருந்து வாங்கியதா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஜெர்மானியத்திலிருந்துதான் லத்தீனுக்குப் போனது என்பது பரவலாக ஏற்கப்படும் கருத்து. எதிர்த்தரப்பிடமும் வலுவான ஒரு வாதம் இருக்கிறது: ஜெர்மானிய மொழிகளில் பகரத்தில் தொடங்கும் பழஞ்சொற்களில் பெரும்பாலானவை இரவல் சொற்கள். கொடிப் பந்தலைக் குறிக்கும் ஸ்பானியச் சொல் ‘பார்ரா’வைச் சான்றாகக் காட்டி, கழி அல்லது கொம்பு என்ற பொருளுள்ள ஒரு பழைய சொல்லிலிருந்து எல்லாம் கிளைத்திருக்கலாம் என்பாரும் உண்டு. ஆனால் முதலில் சொல் வேலியைத்தான் குறித்தது, நிலத்தைக் குறித்தது பின்னால்தான் என்பதை இரு தரப்பும் பெரும்பாலும் ஏற்கின்றன. பின்னால் பார்க்கப்போகும் எல்லாப் பொருள்களுக்கும் திறவுகோல் அந்த வேலிதான்.

லத்தீன் வடிவம் பழைய பிரெஞ்சில் ‘பார்க்’ ஆகி, 13ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. ஆகவே ‘பார்க்’கும் ‘பேடக்’கும் ஒரே குடும்பம். ஒன்று பிரான்ஸைச் சுற்றி வந்தது, மற்றது உள்ளூரிலேயே இருந்தது. அன்றைய பார்க் பூங்கா அல்ல, மான் அடைக்கும் காடு. மண்ணை மேடாகக் குவித்து, அதன் மேல் ஓக் மரப் பலகைகளை நட்டு, உட்புறம் அகழி வெட்டி வைப்பார்கள். சில இடங்களில் வெளியே இருக்கும் மான் உள்ளே குதிக்கலாம், உள்ளே இருப்பது வெளியேற முடியாது என்ற வகையில் அமைப்பு இருக்கும். லண்டனில் அரச குடும்பத்தின் வேட்டைக் காடுகள் 17ஆம் நூற்றாண்டில் மக்கள் உலாவத் திறந்துவிடப்பட்ட பிறகே பார்க் என்றால் பூங்கா என்று ஆயிற்று. படையினர் பீரங்கிகளை வரிசையாக நிறுத்தி வைக்கும் அடைப்பையும் பார்க் என்றார்கள். வண்டி நிறுத்துவதற்கான ‘பார்க்கிங்’ அந்த வழியில் வந்தது. அயர்லாந்தில் ‘பார்க்’ என்பதன் உள்ளூர் வடிவம் இன்றும் சாதாரண வயலைக் குறிக்கும்.

ரகரம் எப்படி டகரம் ஆயிற்று? இது ஆங்கிலத்தில் எல்லாச் சொற்களிலும் நடந்த ஒழுங்கான மாற்றம் இல்லை. இந்த ஒரு சொல்லில் நடந்தது. அதனால்தான் அகராதிகள் ‘திரிபாகத் தெரிகிறது’ என்று எச்சரிக்கையோடு எழுதுகின்றன. ஆனால் நம்பக் கடினமானதும் இல்லை. இரண்டு உயிர்களுக்கு நடுவே நாக்கு நுனி அண்ணத்தை ஒரு முறை தட்டினால் ரகரம், சற்று அழுத்தித் தட்டினால் டகரம் போல் கேட்கும். அமெரிக்கர் ‘வாட்டர்’ என்று சொல்வது நம் காதில் ‘வாரர்’ என்று விழுவது இதனால்தான். ஆங்கிலத்திலேயே எதிர்த்திசையில் ஒரு சான்று இருக்கிறது: ‘பாட்டேஜ்’ என்ற கூழின் பெயர் டகரம் வழியாகத் திரிந்து ‘பாரிட்ஜ்’ ஆனது.

இப்போது பட்டிக்கு வருவோம். பேடக் பட்டியைப் போல ஒலிப்பதற்குக் காரணம் அந்த டகரம். அதுவோ 16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தற்செயலாக வந்து ஒட்டியது. அதைக் கழித்துவிட்டு ‘பேரொக்’கையும் ‘பட்டி’யையும் அருகருகே வைத்தால் பகரத்தைத் தவிர ஒற்றுமை எதுவும் மிஞ்சவில்லை. பட்டி தனக்கென்று ஒரு திராவிடக் குடும்பம் உள்ள சொல். கன்னடத்தில் அது முறைப்படி பகரம் ஹகரமாகி ‘ஹட்டி’ ஆகிறது. நீலகிரியில் படுகர் ஊர்களுக்கு ‘ஹட்டி’ என்று பெயர் வருவது அதனால்தான். எந்தக் கிளையிலும் அந்த டகரம் மறையவில்லை. இந்தியச் சொல் எதுவும் அவ்வளவு பழங்காலத்தில் ஐரோப்பாவுக்குப் போகவில்லை என்று நான் சொல்லவில்லை. மேலே சொன்ன ‘ப்ஃபெஃபர்’ போனதுதான்: வடமொழியின் பிப்பலி, அதாவது நம் திப்பிலி, கிரேக்கத்தில் ‘பெபெரி’, லத்தீனில் ‘பிபெர்’ என்று படிப்படியாகத் தடம் விட்டுச் சென்றிருக்கிறது. சரக்கு கப்பல் ஏறியது, பெயரும் கூடவே ஏறியது. ஆட்டுப்பட்டிக்கு அப்படி ஏற்றிச் செல்ல ஒரு சரக்கும் இல்லை, நடுவழியில் கிரேக்கத்திலோ லத்தீனிலோ ஒரு தடமும் இல்லை.

உறவு இல்லையே தவிர, போன வழி ஒன்றாக இருக்கிறது. அது எனக்கு உறவைவிடச் சுவையானது. பட்டி ஆடுமாடு அடைக்கும் இடமாகத் தொடங்கி, கோவில்பட்டி, உசிலம்பட்டி என்று ஊராகவே ஆகிவிட்டது. ஆங்கிலத்தின் ‘டவுன்’ என்ற சொல்லும் அடைப்பைக் குறித்துத்தான் தொடங்கியது. அதன் ஜெர்மன் உடன்பிறப்பு ‘ட்சவுன்’ இன்னமும் வேலியைத்தான் குறிக்கிறது, டச்சு ‘டௌன்’ தோட்டத்தை. கால்நடையோடு வாழ்ந்த மக்கள் எங்கே வேலி போட்டார்களோ அங்கேயே குடியிருந்தார்கள். இரண்டு மொழிகள் தனித்தனியாகவே ஒரே இடத்துக்கு வந்து சேர இது போதும். நெல்லுக்கான ‘பேடி’ வேறு கதை: மலாய் மொழியின் ‘பாடி’யிலிருந்து 17ஆம் நூற்றாண்டுவாக்கில் ஆங்கிலத்துக்கு வந்தது. பேடக்குடன் அதற்கு எந்தத் தொடர்பும் கிடையாது.

இன்னொரு பேடக்கும் இருக்கிறது; ஊர்ப்பெயர் ஆராய்பவர்கள் தடுக்கி விழுவது அதில்தான். தேரையையும் தவளையையும் குறித்த பழைய சொல் ‘பேட்’. அதோடு சிறுமைப் பொருள் தரும் ‘ஒக்’ என்ற விகுதி சேர்ந்து பேடக் ஆனது. சிறு குன்றைக் குறிக்கும் ‘ஹில்லக்’கில் இருப்பது அதே விகுதி. ஷேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தின் முதல் காட்சியில் சூனியக்காரிகளை ‘பேடக்’ அழைக்கிறது என்று வருமே, அது இந்தத் தேரைதான். ஒரு நிலத்தின் பெயரில் பேடக் இருந்தால் எது என்று பிரிக்க ஒரு நடைமுறை வழி உண்டு. மிகப் பழைய எழுத்து வடிவத்தைத் தேடுங்கள். அதில் ரகரம் இருந்தால் வேலி. 1500க்கு முந்தைய ஆவணத்திலேயே டகரம் இருந்தால் அது வேலியாக இருப்பது அரிது, ஏனென்றால் அந்தப் பொருளில் டகர வடிவம் அப்போது பிறக்கவில்லை. பக்கத்தில் குட்டையோ சதுப்போ இருந்தால் தவளையை எண்ணலாம். ஆவணம் தேடுவோருக்கு விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குக் கொடுக்கும் வரி பற்றிய 1836ஆம் ஆண்டின் தசமபாகச் சட்டத்தை ஒட்டி வரையப்பட்ட வரைபடங்கள் பெரிய உதவி. இங்கிலாந்து, வேல்ஸ் நிலப்பரப்பில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு அவை உண்டு. ஒவ்வொரு நிலத்துக்கும் எண், பெயர், உழவா மேய்ச்சலா என்ற குறிப்பு, ஏக்கர்-ரூட்-பெர்ச் கணக்கில் பரப்பு என்று எல்லாம் பதிவாகியிருக்கும். ஓர் ஏக்கருக்கு 4 ரூட், ஒரு ரூட்டுக்கு 40 பெர்ச். அவற்றில் பேடக் என்று இருப்பது வழக்கமாக வீட்டை ஒட்டிய சிறு புல்வெளி. ஆனால் இவை 19ஆம் நூற்றாண்டு வடிவங்கள் என்பதால் இவற்றை மட்டும் வைத்து வேரை முடிவு செய்யக் கூடாது.

வேலி போட்ட நிலத்துக்கு ஆங்கிலத்தில் ஏன் இத்தனை பெயர் என்றும் கேள்வியில் ஒரு வரி இருந்தது. காரணம், ஆங்கிலத்தில் ‘ஃபீல்ட்’ என்பதே முதலில் வேலியில்லாத திறந்த வெளியைக் குறித்தது. தென்னாப்பிரிக்காவின் ‘ஃபெல்ட்’ இன்னும் அப்படியே இருக்கிறது. ஆகவே அடைத்த நிலத்துக்குத் தனிப் பெயர்கள் தேவைப்பட்டன. லத்தீன் வழி வந்த ‘க்ளோஸ்’, வீட்டை ஒட்டிய துண்டு நிலமான ‘கிராஃப்ட்’, வடக்கில் வைக்கிங்குகளின் நார்ஸ் மொழி விட்டுச்சென்ற ‘கார்த்’, தரிசு மேட்டிலிருந்து வளைத்துச் சேர்த்த ‘இன்டேக்’, கிழக்கு ஆங்கிலியாவில் ‘பைட்டில்’. பிறகு 1604க்கும் 1914க்கும் இடையே 5,200க்கும் மேற்பட்ட அடைப்புச் சட்டங்களை நாடாளுமன்றம் இயற்றியது. சுமார் 68 லட்சம் ஏக்கர், இங்கிலாந்தின் ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மேல், பொது நிலமும் திறந்த வயலும் வேலிக்குள் போயின. ஏழைகளின் மேய்ச்சல் உரிமையைப் பறித்த வேலிகள் அவை. எல்லாமே அடைபட்ட பிறகு ஃபீல்ட் என்றாலே வேலியிட்ட வயல் என்று ஆகிவிட்டது. பழைய பெயர்கள் தனித்தனி வேலைகளுக்குச் சுருங்கின. பேடக்குக்குக் கிடைத்தது குதிரை.

அதற்கு முன் மானும் கிடைத்தது. 17ஆம் நூற்றாண்டில் மானை ஓடவிட்டு நாய்களைப் போட்டிக்கு ஏவும் நீண்ட அடைப்பைப் பேடக் என்றார்கள்: ஒரு மைல் நீளம், கால் மைல் அகலம், தொடங்கும் முனையைவிட மறுமுனை சற்று விரிந்திருக்க வேண்டும். அதைப் பார்க்கிலிருந்து ஒரு பகுதியைப் பிரித்துச் சுற்றிலும் பலகை வேலியோ சுவரோ வைத்து அமைப்பார்கள். ஒரே வேரின் இரண்டு பிள்ளைகளும் அங்கே பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். பிறகு பேடக் என்பது லாயத்துக்கு அருகே குதிரையைக் காலாற விடும் சிறு புல்வெளியாக நிலைத்தது. இன்று பிரிட்டனில் ஒரு குதிரைக்கு ஒன்று முதல் ஒன்றரை ஏக்கர் வரை வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதைவிடக் குறைந்தால் புல்லை வேரோடு கடித்துவிடும், மழையில் வாசலோரம் சேறாகிவிடும். பந்தய மைதானத்தில் ஓட்டத்துக்கு முன் குதிரைக்குச் சேணம் பூட்டி நடத்திக் காட்டும் அடைப்புக்கும் அதே பெயர் வந்தது. கார் பந்தயம் குதிரைப் பந்தயத்தைப் பார்த்துத்தான் தன் பழக்கங்களை அமைத்துக்கொண்டது. 1907இல் இங்கிலாந்தில் திறக்கப்பட்ட புரூக்லண்ட்ஸ், கார் பந்தயத்துக்கென்றே கட்டிய முதல் தடம். அங்கே ஓட்டுநர்கள் தொடக்கத்தில் குதிரை ஜாக்கிகளைப் போல வண்ணச் சட்டை அணிந்தார்கள், கார்கள் கூடும் இடம் பேடக் ஆயிற்று. இன்று கார்களைப் பழுதுபார்க்கும் ‘பிட்’ கட்டடத்துக்குப் பின்னால் அணிகளின் வண்டிகளும் கூடாரங்களும் நிற்கும் இடம் அது. அனுமதி அட்டை இல்லாமல் உள்ளே போக முடியாது. நம் இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் இதே சொல்தான். குதிரை போய்விட்டது, வேலி இருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் நடந்தது வேறு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அங்கே குடியேறியவர்கள் அளவு பார்க்காமல் வேலி போட்ட எந்த நிலத்தையும் பேடக் என்றார்கள். கோதுமை விளைந்தாலும் பேடக், ஆடு மேய்ந்தாலும் பேடக். வடக்கே மாட்டுப் பண்ணைகளில் ஒரே பேடக் 100 சதுர கிலோமீட்டரைத் தாண்டுவது உண்டு. மெல்போர்ன் கிரிக்கெட் மைதானம் நிற்கும் இடத்தை 1853இல் தேர்ந்தெடுத்தபோது, அந்தப் பகுதி குதிரைப் போலீஸாரின் குதிரைகள் மேயும் அரசு பேடக். அதை ஒட்டிய ரிச்மண்ட் பேடக்கில்தான் 1858இல் ஆஸ்திரேலியக் கால்பந்தின் தொடக்க கால ஆட்டம் ஒன்று நடந்தது. அங்கும் நியூசிலாந்திலும் விளையாட்டுத் திடலைப் பேச்சில் பேடக் என்பார்கள். தங்கச் சுரங்கக்காரர்கள் ஆழமில்லாத நிலத்தில் திறந்து வெட்டிய குழியையும், அலசுவதற்கு முன் மண்ணைக் குவித்து வைக்கும் அடைப்பையும் இதே பெயரால் அழைத்தார்கள்.

ஆகவே ஒரே தமிழ்ச் சொல்லைப் பிடித்துக்கொண்டு எல்லா இடத்திலும் போட முடியாது. ஆஸ்திரேலியச் செய்தியில் கோதுமை பேடக் வந்தால் ‘வயல்’ சரியானது; ஆடு, மாடு, குதிரை நிற்கும் பேடக்கை வயல் என்றால் பயிரில் மேய்கிறது என்று வாசகர் நினைத்துவிடுவார். அங்கே ‘வேலியிட்ட மேய்ச்சல் நிலம்’ என்று எழுதலாம். கொங்கு வட்டார வாசகருக்கு எழுதுவதானால் ‘கொறங்காடு’ இருக்கிறது. காங்கேயம் பக்கம் கிளுவையை உயிர்வேலியாக வளர்த்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக, சில ஏக்கர் அளவில் பிரித்து, மாடுகளை முறை வைத்து மாற்றி மேய்க்கும் தனியார் நிலம் அது. பேடக்குக்கு இதைவிட நெருக்கமான ஒன்று தமிழகத்தில் கிடையாது. குவீன்ஸ்லாந்து பேடக்குகளில் பரந்து கிடக்கும் ‘பஃபல்’ புல்லும் இதே கொழுக்கட்டைப் புல்தான். பட்டி என்று போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. பட்டியில் கால்நடை அடைந்து கிடக்கும், மேயாது. அது ஜெர்மன் ‘ப்ஃபெர்ஷ்’ஷுக்குப் பொருந்தும், பேடக்குக்குப் பொருந்தாது. குதிரைப் பந்தயத்துக்கும் கார் பந்தயத்துக்கும் ‘பேடக்’ என்றே எழுதிவிட்டு, முதல் முறை மட்டும் ‘அணிகள் தங்கும் அடைப்பு’ என்பது போல ஒரு சொல் விளக்கம் தந்தால் போதும். ‘லாங் பேடக்’ என்று வந்தால் நீளமான நிலம் என்று எழுதிவிடாதீர்கள். நியூ சவுத் வேல்ஸ், குவீன்ஸ்லாந்து மாநிலங்களில் மந்தைகளை ஓட்டிச் செல்ல ஒதுக்கிய பொதுவழி அது, சில இடங்களில் ஒரு மைல் வரை அகலம். வறட்சியில் சொந்த நிலத்தில் புல் தீர்ந்தவர்கள் மாடுகளை அதில் ஓட்டிக்கொண்டே மேய்ப்பார்கள். ‘மந்தைவழி’ என்றால் பொருந்தும். உங்கள் பண்ணையில் யாராவது ஒருவரைப் பற்றி, அவருடைய மேல் பேடக்கில் கங்காருக்கள் திரிகின்றன என்று சொன்னால், வேலியைப் பார்க்க ஓட வேண்டாம். அந்த ஆளுக்கு மூளை கொஞ்சம் பிசகு என்பதுதான் அதன் பொருள்.